வெந்நீர் ஆயிடுச்சு, எழுந்திருங்க

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் விடிவெள்ளி லாட்ஜின் முன்கூடத்தில் இருந்தவர்கள் விவரம் இது.

மேஜைக்குப் பின்னால் பிரம்பு நாற்காலியில் தாவீது. லாட்ஜின் முதலாளி. காது மறைய மப்ளர் சுற்றியிருந்தார். அவருக்கு எதிரே, விருந்தாளிகள் உட்காரும் மர பெஞ்சின் நுனியில் மகன் ஆனந்தராஜ். கார்ச் சாவியை விரலில் மாட்டிச் சுழற்றியபடி, எந்த நிமிஷமும் எழுந்து போய்விடுகிறவன் மாதிரி இருந்தான். மாடிப்படியில், இரண்டாவது படியில் மகள் அனு. அங்கே உட்கார்ந்தால்தான் அப்பா முகமும் தெரியும், அண்ணன் முகமும் தெரியும். கொல்லைக் கதவில் சாய்ந்தபடி வேலாயுதம். வெந்நீர் அண்டாவுக்கு நெருப்புப் போடுகிறவர். உட்காரச் சொன்னால் 'இருக்கட்டும்' என்பார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார்.

ஐந்தாவதாக ஒருத்தி அங்கே இருந்தாளா இல்லையா என்பதில் இந்தக் குடும்பம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

அவள் பெயர் கிருபாவதி. தாவீதின் மனைவி. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு டிசம்பர் விடியலில், அண்டாவுக்கு நெருப்புப் போட்டுவிட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து வருஷா வருஷம், டிசம்பர் முதல் ஞாயிறு தொடங்கி கிறிஸ்துமஸ் விடியல் வரைக்கும், லாட்ஜில் தங்கியிருப்பவர்களை யாரோ ஒரு பெண் கதவைத் தட்டி எழுப்புகிறாள்.

தாவீதின் இருதயத்தில் அடைப்பு இருப்பது போன வாரம் தெரிந்தது. சென்னை ஆஸ்பத்திரியில் தேதியும் கொடுத்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் அன்று மதியத்துக்குள் சேர வேண்டும், மறுநாள் ஆபரேஷன். இன்னொரு தடவை பெரிய வலி வந்தால் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட அவகாசம் இருக்காது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். தாவீதும் ஒளிக்காமல் பதில் சொன்னார். வர மாட்டேன்.

"பொங்கல் கழிச்சு வரேன்னு சொல்லிடுடா," என்றார் இப்போதும்.

"அவங்க என்ன துணிக்கடையா வச்சிருக்காங்க, பொங்கல் கழிச்சுத் தள்ளுபடியில போறதுக்கு?" என்றான் ஆனந்தராஜ்.

"டிசம்பர்ல இந்த வாசலைத் தாண்டி ஒரு ராத்திரி தங்கினதில்லடா நான்."

"யாருக்காகப்பா?"

தாவீது மப்ளரை இறுக்கிக்கொண்டார். கேட்டவனுக்கும் பதில் தெரியும்.

"போதகர்கிட்ட சொன்னேன். அது அம்மா இல்ல, பிசாசுன்றாரு," என்றான் ஆனந்தராஜ்.

"எந்த ஊர்ப் பிசாசுடா வெந்நீர் வச்சிக் கொடுக்குது?"

வேலாயுதம் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் நாலாம் அறைப் பெண் வாசலிலிருந்து உள்ளே வந்தாள். ஸிந்துஜா. பூர்வீகம் சின்ன காஞ்சிபுரம், வேலை பெங்களூரில். கல்யாணமான முதல் மார்கழி என்று புருஷன் அச்சுத்தோடு பெருமாளைச் சேவிக்க வந்திருந்தாள். தாத்தா காலத்து வீடு கைமாறிவிட்டதால் சொந்த ஊரில் லாட்ஜ். கையில் இருந்த பொங்கல் தொன்னையில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"அங்கிள், விடியக்காத்தால ஒரு மாமி எழுப்பிவிட்டாளே, அவா எங்க? தேங்க்ஸ் சொல்லணும்."

சாவி சுழல்வது நின்றது.

"எப்படித் தட்டினாங்கம்மா?" தாவீது மேஜைமேல் முன்னால் சாய்ந்தார்.

"எப்படின்னா... ரெண்டு தட்டு. கொஞ்சம் விட்டு இன்னொண்ணு."

தாவீது கண்களை மூடிக்கொண்டார். "என்ன சொன்னாங்க?"

"'வெந்நீர் ஆயிடுச்சு, எழுந்திருங்க'ன்னா. எழுந்துட்டேன் மாமின்னேன். 'தலைக்கு ஊத்திக்காதம்மா, பனி கொட்டிக்கினு இருக்குது'ன்னா. அப்புறம் மெதுவா, 'அவரை இப்ப எழுப்பாத, நீ குளிச்சிட்டு வர வரைக்கும் தூங்கட்டும்'னா. இவர் தூங்கறது வெளியில நிக்கறவாளுக்கு எப்படித் தெரியும்னு யோசிச்சுண்டே கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. வாசல்ல ஒரு வாளி வெந்நீர். கை வைக்க முடியலை, அப்படி ஒரு சூடு."

"எத்தினி மணிக்குமா?" என்றார் வேலாயுதம்.

"நாலு. சிலேட்ல அப்படித்தானே எழுதியிருந்தேன்."

வேலாயுதம் தாவீதைப் பார்த்தார். "விறகு ஈரமாப் பூடுச்சி முதலாளி. நான் அண்டாவுக்கு நெருப்புப் போட்டதே அஞ்சு மணிக்கு மேலதான்."

தெருவில், லாட்ஜில் தங்கியிருந்த செவ்வாடைக்காரர்கள், அம்மன் கோயிலுக்குப் போகும் பக்தர்கள், வேனில் ஏறும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தாவீதே சொன்னார். "அது என் வீட்டுக்காரிம்மா. அவ போயி ஆறு வருஷம் ஆகுது."

ஸிந்துஜா கத்தவில்லை. பெஞ்சில் ஆனந்தராஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அந்த ஜலத்துலதான் குளிச்சேன்," என்றாள் கடைசியில். "பிராகாரத்துல எல்லாரும் கல்லு ஐஸா இருக்குன்னு காலை மாத்தி மாத்தி வச்சுண்டிருந்தா. எனக்கு உள்ளங்கால் வரைக்கும் கதகதன்னு இருந்தது. ஸ்வெட்டர் இல்லாம நின்னேன். சேவை ஆயி வெளியில வர வரைக்கும் அப்படியே இருந்தது அங்கிள். நான் என்னமோ பெருமாள் கிருபைன்னு நினைச்சேன்."

"அதுவும்தான்," என்றார் தாவீது.

"உங்களை எழுப்புவாளா?"

"எங்கமா. வருஷா வருஷம் டிசம்பர் வந்தா காலியா இருக்கற ரூமாப் பார்த்து மாறி மாறிப் படுக்கறேன். பக்கத்து ரூம் வரைக்கும் வரா. எனக்குத் தட்ட மாட்டேன்றா. இப்ப கூட அஞ்சுலதான் படுத்துக்கினு இருந்தேன். உங்க சுவத்துக்கு அந்தப் பக்கம்."

ஸிந்துஜா நெற்றியைச் சுருக்கினாள். "அஞ்சாம் ரூம் சிலேட்டு காலியா இருந்ததே அங்கிள். டைமே எழுதலை. எழுதாதவாளை எப்படி எழுப்புவா?"

இந்தச் சிலேட்டு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். விடிவெள்ளி லாட்ஜில் ஒவ்வொரு அறைக் கதவுக்குப் பக்கத்திலும் ஆணியில் ஒரு சிலேட்டு தொங்கும். விடியலில் கோயிலுக்கோ பஸ்ஸுக்கோ போக வேண்டியவர்கள் படுக்கப் போகும் முன் அதில் நேரம் எழுதிவைப்பார்கள். எழுதின அறையைத் தட்டுவார்கள், எழுதாத அறையை விட்டுவிடுவார்கள். கைபேசியில் அலாரம் வந்த பிறகும் கிருபாவதி அந்தச் சிலேட்டுகளைக் கழற்ற விடவில்லை. இப்போது சாயங்காலம் ஆனால் காலி அறைச் சிலேட்டுகளை ஈரத்துணியால் துடைத்து வைப்பது அனுவின் வேலை. அப்பா படுத்திருக்கும் அறையின் சிலேட்டையும் அவள்தான் தினமும் துடைத்துக்கொண்டிருந்தாள். முதலாளியை யாராவது எழுப்புவார்களா என்ன? எழுப்புகிறவர்கள் கூட்டத்தில்தான் அவரை எல்லாரும் வைத்திருந்தார்கள். அவரும்தான்.

தாவீது எழுந்துவிட்டார். மேஜை டிராயரைத் திறந்து சாக்பீஸ் தேடினார்.

அனு அதற்குள் இறங்கி வந்து சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டாள். "நில்லுப்பா. அம்மாவோட சட்டம் ஞாபகம் இருக்குதா?"

"என்ன சட்டம்?"

"எழுதினா எழுந்திருக்கணும். எழுந்தா கிளம்பணும். எழுதிவச்சுட்டுத் திரும்பிப் படுத்துக்கினவங்களுக்கு அம்மா அப்புறம் தட்டினதே இல்ல."

"அதுக்கு?"

"நாளை விடியலோட அம்மா வர்றது நின்னுடும். உனக்கு ஒரு காலைதான் இருக்குது. எழுதணும்னா எழுது. அம்மா எழுப்பினா நீ அண்ணன் கார்ல ஏறி ஆஸ்பத்திரிக்கு வரணும்."

தாவீது நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். அவள் குரலை ஒரு தடவை கேட்க வேண்டுமானால் அவள் இருக்கும் வீட்டை விட்டுப் போக வேண்டும். போனால் திரும்பி வருவது டாக்டர் கையில். போகாவிட்டால் இங்கேயே இருக்கலாம். ஆனால் கேட்காமலே இருக்க வேண்டும்.

"உங்க அம்மா மாதிரியே பேசறடி நீ," என்றார்.

---

மத்தியானம் கஞ்சியும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு அனு ஐந்தாம் அறைக்குப் போனாள். தாவீது கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் மாடியில் சாயம் போட்ட பட்டு நூல் கற்றைகள் கழியில் காய்ந்துகொண்டிருந்தன. அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை.

"இதே ரூம்தான்," என்றார் அவர். "நான் மொதல்ல வந்து தங்கினது."

"சாயப் பவுடர் கம்பெனில இருந்தப்பவா?"

"ம். சாம்பிள் பெட்டியத் தூக்கிக்கினு வேலூர்ல இருந்து வந்தேன். இது உங்க தாத்தா நடத்திக்கினு இருந்த காலம். மொத நாள் செய்யாறு பஸ்ஸைப் பிடிக்கணும்னு சிலேட்ல நாலுன்னு எழுதினேன். விடியல்ல ஒரு குரல். வெந்நீர் ஆயிடுச்சு, எழுந்திருங்க. அவ்வளவுதான். நான் கதவைத் திறக்கறதுக்குள்ள ஆளைக் காணோம்."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்கு செய்யாறுல வேலையே இல்ல. ஆனா தினம் நாலுன்னு எழுதினேன். எழுந்து, குளிச்சிட்டு, பெட்டியத் தூக்கிக்கினு போய் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில உக்காந்துடுவேன். சாயக்கடை எதுவும் பத்து மணிக்கு முன்னால திறக்காது. பனியில நடுங்கிக்கினு டீ மேல டீ குடிப்பேன்."

அனு கஞ்சிக் கிண்ணத்தை அவர் கையில் வைத்தாள். இது அவள் கேட்ட கதைதான். ஆனால் அப்பா இதை இந்த அறையில் வைத்துச் சொன்னதில்லை.

"ஒரு நாள் டீக்கடைக்கே வந்து நின்னா உங்க அம்மா. மருக்கொழுந்து வச்சிக்கினு. 'சார், என் குரலைக் கேக்கறதுக்குத்தான்னா ஏழு மணின்னு எழுதலாமே. நானும் கொஞ்சம் தூங்குவேன்ல'ன்னா. டீக்கடைல இருந்தவன் எல்லாம் சிரிச்சான்."

"நீ என்ன சொன்ன?"

"மறுநாள் ஏழுன்னு எழுதினேன்." தாவீதின் உதட்டோரம் இழுபட்டது. "கல்யாணத்துக்கு அப்புறம் எதுக்கு எழுதணும்? பக்கத்துல இருக்கறவ. குரல் இருக்குதுன்னு நினைச்சிக்கினே இருந்துட்டேன்."

கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டார். நெஞ்சில் கையை அழுத்திக்கொண்டு சற்று நேரம் அப்படியே இருந்தார். அனு மாத்திரைப் பட்டையைக் கிழித்து நாக்கடியில் வைத்தாள். அவர் முகம் வெளுத்து, பிறகு மெல்ல நிறம் வந்தது.

"எழுதுப்பா," என்றாள் அனு. அதற்குமேல் சொன்னால் அழுதுவிடுவோம் என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

---

மொட்டைமாடியில் ஆனந்தராஜ் காகித நட்சத்திரத்துக்குள் பல்பு மாட்டிக்கொண்டிருந்தான். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாக ஃபேக்டரியில் அவன் சூப்பர்வைசர். எதையும் கழற்றிப் பார்த்துத்தான் நம்புவான். அறைகளுக்கு முன்னாலிருந்த மாடி நடையில் காமிரா வைத்ததும் அவன்தான். காமிராவில் எந்த வருஷமும் யாரும் வரவில்லை. வாளி மட்டும் ஒரு கணம் இல்லாமல் இருக்கும், மறு கணம் இருக்கும்.

"மத்தியானம் அப்பாவுக்கு வலிச்சுது," என்றாள் அனு.

அவன் பல்பைத் திருகுவதை நிறுத்தினான். "ரொம்பவா?"

"மாத்திரை வச்சேன். சரியாச்சு."

"அனு, நான் ஒண்ணு சொல்லட்டுமா? எழுத வைக்காத. தூக்கிக்கினு போயாவது கார்ல போடறேன்."

"தூக்கிக்கினு போனா வழியிலேயே அவருக்கு வலி வந்துடும். ஏன் வேணாங்கற? நீதான் நம்பறதில்லையே."

"நம்பாம இருக்கறதுதான் நல்லது." குரலைத் தாழ்த்தினான். "செத்தவங்க வந்து கதவைத் தட்டி, எழுந்திரு கிளம்புன்னா... எங்கடி கிளம்பறது? யோசிச்சியா?"

அனு யோசித்திருக்கவில்லை. கீழே தெருவைப் பார்த்தாள். யாரோ அதிரசம் சுடுகிற வாசனை வந்தது. ஒரு ஸ்கூட்டரில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தோடு ஒருவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போனார். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"போன வருஷம் அம்மா எழுப்பின செவ்வாடைக்காரங்க இந்த வருஷமும் வந்திருக்காங்க," என்றாள் கடைசியில். "காலையில சாம்பார்ல உப்பு இல்லன்னு வேலாயுதண்ணன்கிட்ட சண்டை போட்டுக்கினு இருந்தாங்க. அதுக்கு முந்தின வருஷம் வந்த டீச்சர் பேத்தி பொறந்திருக்குதுன்னு ஸ்வீட்டு அனுப்பினாங்க. அம்மா எழுப்பினவங்க எல்லாரும் போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்காங்க. திரும்பியும் வந்திருக்காங்க."

"அவங்கள்லாம் வெளியாளுங்க. இது அப்பா. அவருக்கு அம்மாகிட்டப் போறதுக்கு ஆசை இருக்குது அனு. அதான் எனக்கு பயம்."

அனு அவன் தோளில் கை வைத்தாள். அவனைவிட அவள் இளையவள், ஆனாலும் வைத்தாள்.

"எனக்கும்தான்," என்றாள்.

அவன் சுவிட்சைப் போட்டான். பகல் வெளிச்சத்தில் நட்சத்திரம் எரிவது தெரியவில்லை.

---

சாயங்காலம் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தபோது ஐந்தாம் அறைச் சிலேட்டு காலியாகத்தான் இருந்தது.

அனு வழக்கம்போல் ஈரத்துணியோடு நடையில் வந்தாள், சாக்பீஸ் டப்பாவும் கையில் இருந்தது. காலி அறைச் சிலேட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஐந்தாம் அறைக்கு வந்தபோது கதவு திறந்தது. தாவீது நின்றார்.

"அதைக் கொடு," என்றார். துணியை அல்ல, சாக்பீஸை.

அவர் சிலேட்டைத் தொட்டார். ஒரு கோடு இழுத்தார். அழித்தார். தெருக்கோடியில் கோயில் மணி கேட்டது; அது ஓய்ந்த பிறகும் அவர் கை அப்படியே சிலேட்டின்மேல் இருந்தது.

"என்ன மணிம்மா போடறது?"

"நாலரை போடுப்பா. வெளிச்சம் வர்றதுக்குள்ள ஹைவேயைப் பிடிச்சிடலாம்."

எழுதினார். கோணலாக வந்தது. தள்ளி நின்று பார்த்தார், சாம்பிள் அட்டையின் நிறத்தைப் பார்ப்பது மாதிரி.

"அவ வரலன்னா?"

"நான் வந்து தட்டறேன்."

"நீ தட்டினா நான் எழுந்திருக்க மாட்டேன் அனு. இப்பவே சொல்லிட்டேன். அவ கூப்பிட்டாத்தான்."

கதவு சாத்திக்கொண்டது.

---

கிறிஸ்துமஸ் விடியலில் மூன்று பேர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். மேல்படியில் அனு, அதற்குக் கீழே ஆனந்தராஜ், அதற்கும் கீழே வேலாயுதம். ஆம், அன்று அவர் உட்கார்ந்தார். அண்டாவுக்கு நெருப்புப் போட வேண்டாம் என்று அனு சொல்லியிருந்தாள். விறகு அடுக்கினபடி இருந்தது. அண்டாவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலாயுதம் வந்திருந்தார். பாம்பு மாதிரி ஜில்லென்று இருந்ததாம்.

ஜன்னல் வழியாகப் பனி நடைக்குள் வந்து நின்றது. நடைக்கோடி விளக்கு பால் கலந்த மாதிரி தெரிந்தது. எங்கோ ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்க, இன்னொரு பக்கத்திலிருந்து சர்ச் மணி அடித்தது. இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல் ஊர்மேல் மிதந்தன.

பிறகு இரண்டுமே கேட்கவில்லை. யாரோ ஊரின் மேல் கம்பளியைப் போர்த்தினாற்போல் ஆயிற்று.

முதலில் மருக்கொழுந்து வாசனை வந்தது. கீழேயிருந்தல்ல, மூவருக்கும் நடுவிலிருந்து. ஆனந்தராஜ் சுவரோடு ஒட்டி வழிவிட்டான். ஏன் விட்டோம் என்று அவனுக்கே தெரியவில்லை. படியேறி வருபவர்களுக்கு விடுவது மாதிரி விட்டான். வேலாயுதம் எழுந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

நடையில் முதல் அறைச் சிலேட்டு ஆடியது. புடவைத் தலைப்பு உரசிப் போனால் ஆடுவது போல, டக்கென்று சுவரைத் தொட்டு நின்றது. அடுத்தது. அதற்கடுத்தது. நாலாம் அறைச் சிலேட்டு ஆடி அடங்கியது.

ஐந்தாம் அறைச் சிலேட்டு ஆடவில்லை. அதன் முன்னால் யாரோ நின்று எழுத்தைப் படிக்கிற நேரம் கழிந்தது. அந்தக் கோணல் எழுத்தை அவள் எத்தனை நாள் படித்திருப்பாள்.

தட்டுகிற சத்தம் அவர்களுக்குக் கேட்கவில்லை. அப்பாவின் குரல்தான் கேட்டது. உள்ளே, கதவுக்கு மிகப் பக்கத்தில்.

"எழுந்துட்டேன்."

சற்று மௌனம்.

"இல்ல, தலைக்கு ஊத்திக்க மாட்டேன்."

மௌனம்.

"மாத்திரையெல்லாம் அனு வச்சிருக்கா... உன் பிள்ளைதான் ஓட்டறான்... சொல்றேன், மெதுவா ஓட்டச் சொல்றேன்."

ஆனந்தராஜ் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

பிறகு தாவீது சிரித்தார். தணிந்த, வெட்கம் கலந்த சிரிப்பு. அப்பாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு உண்டு என்று பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தெரியாது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தவனுடைய சிரிப்பு அது.

"நீ வர மாட்டியா?" என்று கேட்டார்.

அனுவின் கை கைப்பிடியை இறுக்கியது.

"அப்ப நானாவது இங்கயே..."

நடையில் பனி அசையவில்லை. பதில் நீளமாக இருந்திருக்க வேண்டும். அத்தனை நேரம் உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"சரி," என்றார் தாவீது. "சரி. திட்டாத. கிளம்பறேன்."

இன்னும் கொஞ்ச நேரம்.

"எழுதறேன். கண்டிப்பா எழுதறேன்."

சர்ச் மணி திரும்பக் கேட்டது. திருப்பாவையும் கேட்டது. ஐந்தாம் அறை வாசலில் வாளி இருந்தது. யாரும் கண் சிமிட்டவில்லை என்று மூன்று பேரும் பிற்பாடு சாதித்தார்கள். வாளிக்கு மேல் ஆவி சுருண்டு சுருண்டு பனியோடு கலந்தது.

ஆனந்தராஜ் எழுந்து போய் அதில் விரல்களை வைத்தான். எடுக்கவில்லை. சூட்டில் கை சிவந்தபோதும் எடுக்கவில்லை.

"சுடுது அனு," என்றான். பள்ளிக்கூடத்துப் பையன் குரலில் சொன்னான். அதற்குமேல் அவனிடம் கேட்க அவளுக்கு ஒன்றும் இல்லை.

---

குளித்து, கிறிஸ்துமஸுக்கு எடுத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு தாவீது கீழே வந்தார். நடை நிதானமாக இருந்தது. ஸ்வெட்டர், அதன்மேல் மப்ளர். பையை ஆனந்தராஜ் வாங்கிக்கொண்டான்.

"ஒரு நிமிஷம்," என்று பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். லாட்ஜ் பெயர் அச்சடித்த தாளை எடுத்தார். எழுத ஆரம்பித்தார்.

"யாருக்குப்பா?" என்றாள் அனு.

"உங்க அம்மாவுக்கு."

அவள் மேஜையருகே வந்தாள். அவர் இடது கையால் தாளை மறைத்துக்கொண்டார்.

"நல்லபடியா வந்து இறங்கினேன்னு ஒரு வரி எழுதச் சொன்னா. அந்தக் காலத்துல தங்கிட்டுப் போறவங்க எல்லாரும் எழுதுவாங்க. அவ எடுத்து வச்சி வச்சிப் படிப்பா. என்கிட்ட இருந்து அவளுக்கு அப்படி ஒண்ணு வந்ததே இல்ல. நான் எங்க போனேன், எழுதறதுக்கு?"

"அங்க போயி எழுதலாமேப்பா."

"அங்க கையில ஊசி குத்திடுவாங்க. எழுத முடியுமோ முடியாதோ. இப்பவே எழுதிடறேன்."

"இறங்கறதுக்கு முன்னாலேயே இறங்கினேன்னு எழுதினா பொய் ஆகாதா?"

"ஆகாமப் பார்த்துக்கறது டாக்டர் வேலை," என்றார் தாவீது.

ஆனால் அவர் எழுதியது ஒரு வரி இல்லை. பக்கம் நிறைந்தது. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினார். நடுவில் ஒரு தடவை நிறுத்தி, மேலே நடையைப் பார்த்தார். மறுபடி எழுதினார். ஆனந்தராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. நாலாக மடித்து உறையில் போட்டார். உறையின் பசை பனியில் செத்துப்போயிருந்தது. வேலாயுதம் சமையல்கட்டிலிருந்து மைதாப் பசை கொண்டுவந்தார். தாவீது விரலால் தடவி, ஓரம் ஓரமாக அழுத்தி ஒட்டினார். மேலே விலாசம் எழுதினார். திருமதி கிருபாவதி தாவீது, விடிவெள்ளி லாட்ஜ், காஞ்சிபுரம்.

"முதலாளி," என்றார் வேலாயுதம் தயங்கி. "நீங்கல்லாம் ஆஸ்பத்திரில இருப்பீங்க. தபால்காரர் இதைக் கொண்டாந்தா நான் யார்கிட்ட கொடுக்கறது?"

"யாருக்கு எழுதியிருக்குதோ அவங்ககிட்ட."

"கிறிஸ்துமஸ் முடிஞ்சிட்டா அவங்கதான்..."

"கொடுய்யா," என்றார் தாவீது. "வாங்கிக்குவா."

கார் தெருமுனைத் தபால்பெட்டியருகே நின்றது. அனு இறங்கினாள். பெட்டியின் சிவப்பு பனியில் மங்கித் தெரிந்தது. உறை கையில் இன்னும் ஈரமாக, ஒரே ஒரு தாளுக்கு இருக்க வேண்டியதைவிடக் கனமாக இருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே ஏதாவது தெரியும். அவள் பிடிக்கவில்லை. காரின் கண்ணாடிக்குள்ளிருந்து அப்பா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் உறையைப் பெட்டியின் வாய்க்குள் நுழைத்து விட்டாள். அடியில் போய் விழுந்த சத்தம் கேட்கும் வரைக்கும் தாவீது ஆனந்தராஜைக் கிளம்ப விடவில்லை.